தலைநகரும் தமிழ்த் திருமறையும்: சென்னையில் உழைத்த சிலரைப் பற்றிய ஒரு நோக்கு

ஒரு தலைநகரோடு தொடர்புடைய பெருமக்கள் யாவர் என்று வினவினால், ஆளுநர், அமைச்சர், நீதிபதி, வணிகர் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. சிலைகளும் தெருப்பெயர்களும் அவர்களையே நமக்கு நினைவூட்டுகின்றன. சென்னையும் இதற்கு விலக்கன்று. ஆயினும் சிறுமலைக்கும் பழனி மலைத் தொடருக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியில், ஒரு சிற்றூர்ச் சபையில் ஞாயிறுதோறும் திருமறையைத் திறந்து வாசிக்கும் ஒருவருடைய இடத்திலிருந்து இக்கேள்வியைக் கேட்டால், வேறொரு பெயர்ப்பட்டியல் எழுகின்றது. அவர் கையிலிருக்கும் நூல் தலைநகரில் உருப்பெற்றது. அதன் ஒவ்வொரு வாக்கியத்திலும் சென்னையில் வாழ்ந்து உழைத்த சிலரின் கைரேகை பதிந்துள்ளது. ஆனால் அவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் வாசிப்பவரும் அறியார், கேட்பவரும் அறியார்.

அப்பெயர்களில் சிலவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். தலைநகரில் உருவான மொழிபெயர்ப்புகளுள் சிலவற்றைச் சபைகள் ஏற்றன; சிலவற்றைப் புறக்கணித்தன. அவ்வாறு தீர்மானித்தவர் யார், எந்த அளவுகோலால் தீர்மானித்தனர் என்பதை ஆராய்வது இரண்டாவது நோக்கம். இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. இன்று இறையியல் கல்லூரியில் ஒரு திருப்புதலையும் சிற்றூர்ச் சபையில் மற்றொரு திருப்புதலையும் கையாளும் நம் அனைவருக்கும் இது நடைமுறைக் கேள்வியாகும்.

வேப்பேரியும் பெப்ரீஷியஸும்

தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சேற்றியவர் தரங்கம்பாடியின் சீகன்பால்கு என்பது யாவரும் அறிந்ததே. அது 1715 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச் சென்ற பகுதியை முடித்த பெஞ்சமின் ஷூல்ட்சே, 1720களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து அங்கு சீர்திருத்தச் சபையின் அருட்பணிக்கு அடிகோலினார். அவருக்குப் பின்வந்தவரே நாம் முதலில் கருதவேண்டிய மனிதர்.

யோகான் பிலிப் பெப்ரீஷியஸ் ஜெர்மனி நாட்டின் ஹெஸ்ஸேப் பகுதியில் 1711 ஆம் ஆண்டில் பிறந்தவர். 1740 இல் தமிழகம் வந்து, 1742 இல் சென்னைப் பணியை ஏற்றார். அதன்பின் தம் தாய்நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை. அவர் காலத்துச் சென்னை அமைதியான நகரமாயிருக்கவில்லை. 1746 இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது அவர் பழவேற்காட்டிற்குச் செல்ல நேர்ந்தது. நகரம் ஆங்கிலேயர் வசம் மீண்ட பின்னரே வேப்பேரியில் ஆலயமும் இல்லமும் அவருக்குக் கிடைத்தன. 1758 இல் லாலியின் படை வந்தபோது வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. மறுபடியும் பழவேற்காடே புகலிடமாயிற்று.

திண்டுக்கல் வாசகர் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. மைசூர் அரசின் படைத்தலைவராயிருந்த ஐதர் அலி, 1755 இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக அமர்த்தப்பட்டார். சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்கியதும், பிரெஞ்சுப் பொறியாளரின் துணையோடு படைக்கலச்சாலை அமைத்ததும், தமக்கென ஒரு படையை வளர்த்ததும் நம் மலைக்கோட்டையின் நிழலிலேயே. அவ்வாறு திண்டுக்கல்லில் வலிமை பெற்ற அதே மனிதரின் குதிரைப்படைதான் 1767 இலும் அதன் பின்னரும் சென்னையின் புறப்பகுதிகளை அச்சுறுத்தியது. வேப்பேரியிலிருந்தோர் அப்போது கோட்டைக்குள் அடைக்கலம் தேடவேண்டியதாயிற்று. தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படிகள் வேப்பேரியில் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவற்றைப் பிற்காலத்தில் வாசிக்கப்போகும் ஊர் பெரும்பாலும் மைசூரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையினாலேயே திண்டுக்கல் முறைப்படி கம்பெனியாரின் கைக்கு வந்தது.

அச்சகம் வேப்பேரிக்கு வந்த வரலாறும் போரோடு பிணைந்ததே. 1761 இல் புதுச்சேரி வீழ்ந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரத்தை ஆங்கிலப் படைத்தலைவர் அயர் கூட் சென்னைக்குக் கொண்டுவந்தார். அதை இயக்கத் தெரிந்தவர் கோட்டையில் இல்லை. அரசாங்கத்தின் வேலைகளை முதலில் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் அது வேப்பேரி அருட்பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைநகருக்கு மட்டுமே உரிய வாய்ப்பு இது. போரில் கிடைத்த பொருள் நற்செய்திப் பணிக்குக் கருவியாயிற்று. அதற்கு ஈடாக அருட்பணியாளர் கம்பெனியின் அச்சாளருமானார். இந்த உறவின் இரு பக்கங்களையும் நாம் மறவாமல் நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தவை சிறியனவல்ல. 1772 இல் பெப்ரீஷியஸின் புதிய ஏற்பாடு, 1774 இல் ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் தமிழாக்க நூல், 1779 இல் பிரெய்ட்ஹாப்ட் என்னும் உடன் ஊழியரோடு சேர்ந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி என்பன அவற்றுள் முதன்மையானவை. ஏறக்குறைய ஒன்பதாயிரம் சொற்களைக் கொண்ட அவ்வகராதி, 1897 இல் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பட்டு, பிற்பாடும் பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டு, இன்றளவும் ஆய்வாளர் புரட்டும் நூலாக நிலைத்துள்ளது. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் அவர் முடித்தார். ஒவ்வொரு வசனத்தையும் முழந்தாளில் நின்று மொழிபெயர்த்தார் என்பது சபையில் வழங்கிவரும் மரபுச் செய்தி. அவரது திருப்புதலைப் பின்வந்தோர் ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்று அழைத்தனர்.

ஆனால் அப்பொன்னை வார்த்தவருடைய இறுதிக் காலம் துயரமானது. சபையின் பணத்தையும் பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்து, அவ்வருவாயால் பணியை நடத்த அவர் முயன்றார். கடன் கொண்டவர் திருப்பித் தரவில்லை. பணம் ஒப்படைத்தோர் நெருக்கினர். முதிர்ந்த வயதில் அவர் கடனுக்காகச் சிறையிலடைக்கப்பட்டார். 1788 இல் கெரிக்கே என்பவர் வந்து வேப்பேரிப் பணியை ஏற்றுச் சீர்செய்தார். 1791 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெப்ரீஷியஸ் சென்னையிலேயே காலமானார்.

இதனை மறைத்து எழுதுவது நம் வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. மறைக்கவேண்டிய தேவை இல்லை. தலைநகரம் அவருக்கு அச்சகத்தைத் தந்தது. பணம் வட்டிக்கு ஓடும் சந்தையையும் அதுவே அவர்முன் வைத்தது. மொழியில் அத்துணை நுட்பமாக நடந்தவர், கணக்கில் தடுமாறினார். சபையின் பொருளை ஒருவர் கையில் மட்டும், தணிக்கையின்றி விட்டுவைப்பது எத்தகைய நல்லவரையும் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு நம் திருமறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

ரேனியஸ்: நடையைப் பற்றிய வழக்கு

1814 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் வந்திறங்கிய ரேனியஸ், 1820 வரை அந்நகரிலேயே பணிபுரிந்தார். பின்னர் பாளையங்கோட்டைக்குச் சென்று, 1838 இல் இறக்கும்வரை திருநெல்வேலிச் சபையை வளர்த்தார். பெப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பு மூலத்திற்கு உண்மையாயிருந்தபோதிலும், தமிழ் வாக்கிய அமைப்பிற்கு இசையாத இடங்கள் அதில் பல உள்ளன என்பது அவருடைய கருத்து. எபிரேய, கிரேக்கச் சொல்லடைவைத் தமிழில் அப்படியே பின்பற்றினால் தமிழர் அதனைத் தடுமாறியே வாசிப்பர் என்று அவர் வாதிட்டார். திருமறை மொழிபெயர்ப்பின் நெறிமுறைகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் எழுதினார். 1820 இல் நிறுவப்பெற்ற சென்னைத் துணை வேதாகமச் சங்கத்தின் ஆதரவில் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது.

இந்நூலைத் திருநெல்வேலியார் வரவேற்றனர். தஞ்சாவூர், சென்னைப் பகுதிகளின் பழைய சபைகள் ஏற்க மறுத்தன. மறுத்தவர்களின் குரலாய் விளங்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். செவியில் நூறாண்டாய்ப் பதிந்த சொற்களை மாற்றுவது வேதத்தையே மாற்றுவதாகும் என்பது அவர் தரப்பினரின் முறையீடு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். புதிய திருப்புதலை எதிர்த்த அதே முறையீடுகளில், ஆலயத்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற அருட்பணியாளருக்கு எதிரான குறைகளும் இடம்பெற்றிருந்தன. பழைய சொல்லைக் காக்க எழுந்த குரலும், பழைய சாதி வரிசையைக் காக்க எழுந்த குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. ஆகையால், ‘சபை மறுத்தது, எனவே அந்த மொழிபெயர்ப்பு தவறானது’ என்று எளிதாக முடிவு கட்டிவிட இயலாது. சபையின் மறுப்பிற்குள் என்னென்ன கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு ஆயருக்கும் ஆசிரியருக்கும் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையின் தமிழ்ப்பணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புதிய வலிமை வந்தது. திண்டுக்கல் சபைகளுக்கு இது குடும்ப வரலாறு போன்றது. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க அருட்பணியாளரே 1834 இல் மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கினர். மறு ஆண்டே திண்டுக்கல் அதன் பணித்தலமாயிற்று. அதற்கடுத்த ஆண்டாகிய 1836 இல், அதே குழுவைச் சேர்ந்த மைரன் வின்சுலோ உடுவிலிலிருந்து சென்னைக்குச் சென்று அங்கு அமெரிக்க மிஷனை நிறுவினார்.

வின்சுலோவின் பெயரை நிலைநிறுத்தியது 1862 இல் வெளிவந்த அவருடைய தமிழ்–ஆங்கிலப் பேரகராதி. அது அறுபத்தேழாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அது ஒருவருடைய படைப்பு அன்று. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்பவர் தொடங்கிய சொற்றொகுப்பு, பலர் கைமாறி வின்சுலோவிடம் வந்து சேர்ந்தது. செந்தமிழ், கொடுந்தமிழ் ஆகிய இரண்டையும் தழுவியது என்று தலைப்பிலேயே அது அறிவித்துக்கொண்டது. புலவரின் சொல்லோடு உழவரின் சொல்லுக்கும் இடமளித்தது அதன் தனிச்சிறப்பு. நூல் முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1864 இல், தாய்நாட்டிற்குத் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையருகே வின்சுலோ உயிர்நீத்தார்.

அவ்வகராதியை அச்சிட்டவர் பினியாஸ் ஹண்ட். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பொறுப்பாளராயிருந்த இவர் போதகர் அல்லர். அச்சுத் தொழில் வல்லுநர். தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் வார்ப்பதில் இவர் பெருமுயற்சி எடுத்தார். எழுத்துப் பெரிதாயிருந்த காலத்தில் திருமறை பல பாகங்களாகப் பிரிந்து, பெட்டியில் வைத்துச் சுமக்கவேண்டிய பொருளாயிருந்தது. எழுத்துச் சிறுத்தபோது நூலும் சிறுத்தது, விலையும் குறைந்தது. கால்நடையாக ஊர் ஊராய்ச் சென்ற உபதேசியார் அதைக் கையிலெடுத்துச் செல்ல முடிந்தது. நம் சமவெளியின் சிற்றூர்களுக்குத் திருமறை சென்ற வழியில் இந்த அச்சாளருக்குரிய பங்கு, எந்தப் பிரசங்கியாரின் பங்கிற்கும் குறைந்ததன்று. அவர் 1878 இல் சீனாவின் பெய்ஜிங்கில் இறந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மற்றொருவர் பீட்டர் பெர்சிவல். வெஸ்லியன் மெதடிஸ்டு ஊழியராக யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, அங்கு நடைபெற்ற திருமறை மொழிபெயர்ப்பிற்கு இவர் தலைமை தாங்கினார். அப்பணியில் இவருக்குப் பல ஆண்டுகள் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். பிற்காலத்தில் சைவ மறுமலர்ச்சியின் முன்னோடியாகி, கிறிஸ்தவப் பரப்புரைக்கு எதிராக எழுதிய அப்பெருந்தமிழர், நம் திருமறையின் தமிழுக்கும் உழைத்தவர் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது. மொழிபெயர்ப்பின் நடை குறித்து ஐயம் எழுந்தபோது இருவரும் சென்னைக்கு வந்து, மகாலிங்கையர் என்னும் இலக்கண அறிஞரிடம் அதைக் காட்டி அவருடைய ஒப்புதலைப் பெற்றனர் என்று நாவலரின் வரலாற்றில் கூறப்படுகிறது.

1850 இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அறிஞர் ஒப்பிய அந்நூலைச் சபைகள் ஒப்பவில்லை. நன்கு பழகிய திருமறைச் சொற்களிலிருந்து அது மிகவும் விலகிச் செல்கின்றது என்று திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் குறை கூறப்பட்டது. ‘தற்காலிகத் திருப்புதல்’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. பெர்சிவல் பின்னர் சென்னையில் குடியேறி, மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும், 1855 இல் தோன்றிய ‘தினவர்த்தமானி’ இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874 இல் வெளியிட்டார். புலவர் நடையில் மொழிபெயர்த்து மறுக்கப்பட்டவர், முதுமையில் மக்கள் வாயில் வழங்கும் மொழியைத் தேடித் தொகுத்தார் என்பது கருதத்தக்கது.

பவர்: தலைநகரில் பிறந்தவர்

இதுவரை கூறிய அனைவரும் கடல் கடந்து தலைநகருக்கு வந்தவர்கள். அங்கேயே பிறந்தவர் ஒருவரும் இவ்வரிசையில் உளர். இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் மிகப் பெரும்பாலோர் கையில் வைத்திருக்கும் திருமறை அவருடைய தலைமையில் உருவானதே. அவர் பெயர் ஹென்றி பவர்.

சென்னையில் பிறந்த பவர், ஐரோப்பிய இந்தியக் கலப்பு மரபினர். ஆள்வோரின் சமுதாயம் இத்தகையோரை முழுமையாகத் தம்மவராக ஏற்கவில்லை. தமிழ்ச் சமுதாயமும் ஏற்கவில்லை. இரு கரைக்கும் இடையில் நின்ற இவருக்கு இரு கரையின் மொழியும் தெரியும். தமிழ் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஆழ்ந்து கற்றவர். சீவகசிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை, நச்சினார்க்கினியர் உரையோடு 1868 இல் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் சிந்தாமணி முழுவதையும் பதிப்பித்தது இதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1887 இல்தான். ஒரு சமணக் காப்பியத்தின் செய்யுளையும் உரையையும் எழுத்தெண்ணிப் படித்த கண்களே, அதே ஆண்டுகளில் நம் திருமறையின் தமிழையும் சீர்தூக்கிப் பார்த்தன.

பெப்ரீஷியஸ், ரேனியஸ், பெர்சிவல் என மூவர் வழியும் தனித்தனியே நின்றபோது, எல்லாச் சபைகளும் ஏற்கத்தக்க ஒரே திருப்புதல் வேண்டுமென்று சென்னை வேதாகமச் சங்கம் கருதியது. முதன்மைத் திருத்துநராகப் பவர் அமர்த்தப்பட்டார். கால்டுவெல் முதலியோர் குழுவில் அமர்ந்தனர். பவர் எழுதிய வரைவு பல ஊர்களுக்கும் அனுப்பப்பட்டு, அங்கிருந்து குறிப்புகள் திரும்பி வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு குழு வரி வரியாக விவாதித்தது. யாழ்ப்பாணத்தாரும் இறுதியில் இணைந்தமையால் ‘ஐக்கியத் திருப்புதல்’ என்னும் பெயர் பொருந்தியது. 1871 இல் முழுத் திருமறையும் வெளிவந்தது.

பவரின் வழி என்னவென்று நோக்கினால், அவருக்கு முன்னிருந்தோர் எவரையும் அவர் தள்ளவில்லை என்பது புலனாகும். பெப்ரீஷியஸின் சொற்களை அடித்தளமாகக் கொண்டார். ரேனியஸ் காட்டிய தமிழ் ஓட்டத்தைக் கூடியமட்டும் சேர்த்தார். யாழ்ப்பாணத் திருப்புதலில் நல்லனவற்றைத் தெரிந்தெடுத்தார். காப்பியத் தமிழை அறிந்திருந்தும் அதனைத் திருமறையில் காட்ட அவர் முனையவில்லை. கல்வியறிவு குறைந்தவரும் செவியால் பற்றிக்கொள்ளத்தக்க ஒலிநயத்தையே நாடினார். அதனாலன்றோ எழுதப்படிக்கத் தெரியாத நம் தாய்மார்கள் சங்கீதங்களை முழுவதுமாக மனப்பாடம் செய்தனர்!

தலைப்பேட்டில் இல்லாத பெயர்கள்

மேற்கூறிய ஒவ்வொருவர் அருகிலும் ஒரு தமிழர் அமர்ந்திருந்தார். அக்காலத்தில் அவரை முன்ஷி என்றழைத்தனர். பவரின் சிந்தாமணிப் பதிப்பில் முத்தையா பிள்ளை என்பவர் துணைபுரிந்தார் என்று அந்நூலின் தலைப்பேடே கூறுகின்றது. ட்ரூ என்னும் அருட்பணியாளர் 1840 இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, சென்னையின் இராமாநுச கவிராயர் அதற்கு விளக்கவுரை எழுதி உதவினார். ரேனியஸுக்குத் தமிழ் கற்பித்தவர் திருப்பாற்கடல் கவிராயர். இவர்களுட் பலர் கிறிஸ்தவர் அல்லர். தாம் நம்பாத ஒரு நூலுக்குத் தம் மொழியறிவை நேர்மையோடு தந்தனர். ஊதியத்திற்காகவே செய்தனர் என்று கூறிவிடலாம். ஊதியம் பெற்ற வேலையையும் நேர்மையாகச் செய்யலாம், கடமைக்குச் செய்து கழிக்கவும் கூடும். அவர்கள் எவ்வாறு செய்தனர் என்பதற்கு நூல்களின் தமிழே சான்று.

நம் பகுதியிலிருந்து இவ்வரிசையில் இடம்பெறும் ஒருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் மதுரையிலே பிறந்து, வத்தலக்குண்டிலும் பணிபுரிந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதியைத் தொடங்கியபோது, 1913 இல் அவரே அதன் முதற் பதிப்பாசிரியராக அமர்த்தப்பட்டார். அப்பணிக்கு வின்சுலோவின் அகராதி அடிப்படையாயிற்று. மதுரையில் தொடங்கிய அவ்வலுவலகம் பின்னர்ச் சென்னைக்கு மாற்றப்பட்டது. பின்வந்த ஆசிரியர்களுள் வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் அது நிறைவுற்றது. வத்தலக்குண்டுச் சந்தையில் கேட்ட தமிழ் பழகிய செவி ஒன்று தலைநகரின் பேரகராதிக்குச் சென்றது என்பது நாம் மகிழத்தக்க செய்தியே.

தீர்ப்பளிக்கும் செவி

பவரின் திருப்புதலோடு பணி முற்றுப்பெறவில்லை. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் முதல்வராயிருந்த டேனிய நாட்டு அறிஞர் லார்சன் தலைமையில் புதிய திருத்தம் நடைபெற்று, 1936 இல் முழுத் திருமறையாக வெளிவந்தது. மோனகன் அதனை மேலும் திருத்தினார். மூலமொழி ஆய்வில் அது முன்னேறியதே. பவரின் நூலில் ‘தேவன்’ என்றிருந்த இடத்தில் ‘கடவுள்’ என்ற சொல் வந்தது. ஆனால் பெரும்பான்மையான சபைகள் அதை ஏற்கவில்லை. 1995 இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ வெளிவந்தது. கல்லூரிகளிலும் ஆய்வரங்குகளிலும் அது இடம்பெற்றுள்ளது. எனினும் நம் சிற்றூர்ச் சபைகளின் வாசிப்பு மேசையில் பெரும்பாலும் இன்றும் 1871 ஆம் ஆண்டின் நூலே திறந்து கிடக்கின்றது.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று கூறுவோர் உளர். அக்கூற்று முழுமையானதன்று. திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சபையில் புதிய திருப்புதலிலிருந்து சங்கீதம் ஒன்றை வாசித்த பிறகு, வயது முதிர்ந்த அம்மா ஒருவர் என்னிடம், “ஐயா, அர்த்தம் நல்லா வெளங்குது, ஆனா கூடச் சேர்ந்து சொல்ல முடியலையே” என்றார். அவர் புதியதைக் குறைகூறவில்லை. விளங்குவது ஒன்று, உடன் சொல்வது மற்றொன்று என்ற வேறுபாட்டைச் சுட்டினார். மொழிபெயர்ப்புக் குழுக்கள் நெடுங்காலம் தேடிய அளவுகோலை அவர் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார்.

எனினும் பழக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளவும் இயலாது. பெப்ரீஷியஸ் இறைவனைப் ‘பராபரன்’ என்றார். அச்சொல் கீர்த்தனைகளில் இன்றும் ஒலிக்கின்றது, திருமறையிலிருந்து அகன்றுவிட்டது. அதனிடத்தில் ‘தேவன்’ வந்தபோதும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பர். இன்று அச்சொல்லை மாற்றலாகாது என்கிறோம். நமக்குப் பழமையானது ஒரு காலத்தில் புதுமையாயிருந்தது. மேலும் நம் இளைஞர் பலருக்குப் பவரின் தமிழ் விளங்கவில்லை என்பதையும் மறைத்துப் பயனில்லை. விளங்காத நூலை அவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள், மெல்ல மூடிவைத்துவிடுவர். எதிர்ப்பைக் காட்டிலும் இது சபைக்குக் கேடானது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சிலவற்றை உடன் ஊழியர்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, திடப்படுத்தல் வகுப்பில் திருமறையின் நூல்வரிசையைக் கற்பிக்கிறோம். அந்நூல் தமிழில் வந்த வரலாற்றைக் கற்பிப்பதில்லை. பெப்ரீஷியஸ், ரேனியஸ், பவர் ஆகிய மூவர் பெயரையும், முன்ஷிகளின் பணியையும் ஒரு வகுப்பில் கூறிவிடலாம். திருமறை வானத்திலிருந்து அச்சாகி விழவில்லை என்பதை அறிந்த பிள்ளை, அதைக் குறைவாக மதிக்கமாட்டான். அதற்காக உழைத்தோரையும் சேர்த்து மதிப்பான்.

இரண்டாவது, வழிபாட்டில் பழைய திருப்புதலை வாசித்து, அருளுரையில் புதிய திருப்புதலின் துணையோடு விளக்கும் முறையைத் திட்டமிட்டுக் கைக்கொள்ளலாம். ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுவ முயன்ற போதெல்லாம் சபை பிளவுற்றதேயன்றித் திருமறை பரவவில்லை.

மூன்றாவது, இனி எந்தத் திருத்தம் நடைபெற்றாலும், அதன் வரைவு முடிவாகும் முன்பே சிற்றூர்ச் சபைகளில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். பவரின் குழு வரைவுகளை ஊர்தோறும் அனுப்பிக் கருத்துக் கேட்டது. எனினும் கருத்துக் கூறியோர் பெரும்பாலும் அருட்பணியாளரே. இன்று நம்மால் அதனினும் சிறப்பாகச் செய்யமுடியும். சின்னாளபட்டியின் நெசவாளரும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்பவரும், தோல் பதனிடும் தொழிலாளரும் கேட்டுச் சொல்லும் கருத்தைக் குழுவின் குறிப்பேட்டில் பேராசிரியரின் கருத்துக்கு அருகில் எழுதும் நாள் வரவேண்டும்.

தலைநகரத்தில் அச்சகமும் சங்கமும் புலவரும் பொருளும் இருந்தன. அவையின்றித் தமிழ்த் திருமறை உருவாகியிராது. அங்கே உழைத்தோரில் ஒருவர் சிறைசென்றார், ஒருவர் கடற்பயணத்தில் இறந்தார், ஒருவருடைய உழைப்பு ஏற்கப்படவேயில்லை. இவர்கள் பெயர்களை நம் சபைகளின் பதிவேடுகளிலும் பிள்ளைகளின் நினைவிலும் எழுதிவைப்பது நம் கடன். வரும் ஞாயிறன்று வாசிப்பு மேசையில் நூலைத் திறக்கும்போது அதன் முதற்பக்கத்தைச் சபைக்குக் காட்டி, இதை நமக்குத் தந்தவர்கள் இன்னார் என்று ஒரு நிமிடம் சொல்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.